ஆனந்தபாயின் அறுநூத்திப் பன்னெண்டு

கேரள எல்லையை ஒட்டி, பாறசாலையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற சபைகளில் எல்லாம் அசனச் சோறு ஆம்பிளைகள் கையால்தான் வெந்தது. வருசத்துக்கு ஒரு நாள் சபை முழுக்க ஒரே பந்தலில் இருந்து சாப்பிடுகிற சோறு அது. வார்ப்பு என்கிற அந்தப் பெரிய பாத்திரத்தை இறக்க நாலு ஆண் வேண்டும், அதில் கரண்டி போட ஒரு ஆண் வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பெண்டுகளை உள்ளி உரிக்க இருத்தியிருந்தார்கள். அந்த வழக்கத்தை மாற்றினவள் ஆனந்தபாய். மூணு வருசத்துக்கு முன்னே பெரிய சமையற்காரர் வேதமாணிக்கம் கால் சுளுக்கிக் கிடந்த நேரம் பார்த்துக் கரண்டியைக் கையில் எடுத்தாள். பின்னே அதைக் கீழே வைக்கவே இல்லை.

ஆயிரத்து இருநூறு இலைக்கு ஆட்டுக்கறி என்றால் சும்மாவா? எலும்பு மட்டும் விழுந்தது என்று ஒரு பந்தியும் சொல்லவில்லை, சாறு காணவில்லை என்று ஒரு பந்தியும் சொல்லவில்லை. அவளுக்கு வயது நாற்பத்துமூணு. சிரித்தால் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருக்கிறவன் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பான். புருசன் தேவகுமார் ரப்பர் வெட்டுகிறவன். அந்த வீட்டில் பேச அவனுக்கு இடம் கிடைப்பதில்லை. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படிப்பட்டவள் போன ஓணம் கழிந்த பிறகு மெல்ல மெல்லத் தணிந்துபோனாள். முதலில் குளிர். ஊரெல்லாம் வியர்த்து வடிகிற மாசத்தில் இவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்பை ஒட்டி நிற்பாள். "அக்கா இனி அடுப்புக்கு மேல கேறித்தான் இருப்பா" என்று கூட வேலை செய்கிற பெண்டுகள் சிரித்தார்கள். அப்புறம் முடி கொட்டியது, முகம் வீங்கியது. கோயிலில் ஞானப்பாட்டு எடுத்தால் ஆம்பிளை வரிசையில் கொண்டு நிறுத்தலாம் போல தொண்டை கனத்தது. எல்லாவற்றுக்கும் மேலே உறக்கம். பஸ்ஸில் உறங்கினாள், பிரசங்கத்தில் உறங்கினாள். பிரசங்கத்தில் உறங்குகிறதை யாரும் சொகக்கேடாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோட்டுகாலில் ஒரு கல்யாண நிச்சயத்துக்குச் சமைக்கப் போனபோதுதான் காரியம் கெட்டது. அடைப்பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தவள் தேங்காய்ச் சாக்கின்மேல் சற்றே இருந்தாள். இருந்தவள் உறங்கிவிட்டாள். அவள் பஸ் பிடித்து ஊர் வந்து சேரும் முன்னே பாயசம் கரிந்த கதை ஊர் வந்து சேர்ந்திருந்தது.

சபைக் கமிட்டிச் செயலாளர் சத்தியதாஸ், போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மறுநாளே வீட்டு நடையில் வந்து நின்றார்.

"ஆனந்தபாயி, நீ பாயசத்தக் கரிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா இது அசனமாக்கும். அன்னைக்கு நீ ஒறங்கினா சபையே பட்டினி கெடக்கும். வாற ஞாயிறு கமிட்டி கூடுது. ஒனக்கு முடியாதுன்னா இப்பமே சொல்லிரு, வேதமாணிக்கம் இருக்காரு."

"எனக்கு ஒரு சொகக்கேடும் இல்ல சாரே."

"இல்லன்னு நீ சொன்னாப் போதுமா?"

"பின்னே யாரு சொல்லணும்?"

அதற்குத் தேவகுமார் உள்ளேயிருந்து பதில் சொன்னான். "ரெத்தம் நோக்கினா ரெத்தம் சொல்லும்." அந்த மாசத்தில் அவன் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

அப்படித்தான் பாறசாலையில் ஒரு லேபில் போய்க் கையை நீட்டினாள். வீங்கின முகத்தையும் கனத்த குரலையும் கவனித்த லேப் பெண், தைராய்டும் முழுசாகப் பார்த்துவிடலாம் என்றாள். பார்க்கட்டும் என்றாள் இவள். சாயங்காலம் ரிப்போர்ட்டு வந்தது. ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொடிக்குக் கீழே நின்று தேவகுமார் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"ஆன்டிபாடின்னு ஒண்ணு போட்டிருக்கு."

"எம்புட்டு?"

"அறுநூத்திப் பன்னெண்டு."

"சாதாரண ஆளுக்கு எம்புட்டு?"

"முப்பத்தஞ்சுன்னு கெடக்கு. அதுக்கு முன்னால ஒரு கோணக் கோடும் கெடக்கு."

ஆனந்தபாய்க்கு முகம் தெளிந்தது. ஆன்டிபாடி தெரியாதவர் இந்த ஊரில் யார்? கொரோனாக் காலத்தில் ஊசி போட்டு வந்தவர்கள் எல்லாம் அதைத்தானே பேசினார்கள்? ஒருத்தன் தனக்கு ஆன்டிபாடி கூடுதல் என்று சொல்லிக்கொண்டு மாஸ்க் இல்லாமல் சந்தையில் திரிந்தான். முப்பத்தஞ்சும் அவளுக்குத் தெரிந்த எண்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் முப்பத்தேழு எடுத்ததற்கு அவளுடைய அப்பா ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். முப்பத்தஞ்சு என்றால் பாஸ். அவளுக்கோ அறுநூத்திப் பன்னெண்டு.

"கண்டியளா?" என்றாள். "இம்புட்டு எதிர்ப்புச் சத்து உள்ள ஒடம்பையா அந்த மனுசன் சொகக்கேடுன்னு சொன்னாரு?"

"மேல தடிச்ச எழுத்துல வேற ஒண்ணும் உண்டு," என்றான் தேவகுமார். "டி.எஸ்.எச்சாம். பதினெட்டு புள்ளி நாலு. நாலு சொச்சத்துக்குள்ள நிக்கணுமாம்."

"அறுநூறு எங்க கெடக்கு, பதினெட்டு எங்க கெடக்கு? சின்னதப் பிடிச்சுத் தொங்காதீங்க."

அறுநூத்திப் பன்னெண்டு இரவுக்குள் எல்லை தாண்டிவிட்டது. தேவகுமாரின் தங்கை ரெஜிலாவை பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மைனி ஆனந்தபாய்க்கு ஒரு சேலை வாங்கினால் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிற பிறவி அவள். மூணாம் நாள் அவளும் அங்கே ஒரு லேபில் போய் ரத்தம் கொடுத்து, போனில் விளித்தாள்.

"மைனி, எனக்கு நூத்தி நாப்பத்திமூணு. இஞ்ச முப்பத்தஞ்சுக்குப் பதிலா அறுபது போட்டிருக்கு."

"கொறவுன்னாலும் பாஸாக்கும் மக்கா. வெசனப்படாத."

"எனக்கு என்ன வெசனம்? எங்க லேபு கறாரு. ஒங்க கேரளாக்காரன் பத்தாம் வகுப்புக்கே மார்க்க அள்ளிப் போடுதவன், ரெத்தத்துக்குப் போடமாட்டானா?"

இது ஆனந்தபாயின் நெஞ்சில் போய்க் குத்தியது. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் ரெஜிலாவின் லேபிலேயே கையை நீட்டினாள். அதே ரத்தம், அதே கை. ஆயிரத்து நூத்தி நாலு வந்தது. ரெஜிலா ரெண்டு நாள் போன் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. ஆனந்தபாய் ரெண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் விரித்து வைத்தாள், கலெக்டர் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிக்கெட்டு மாதிரி. "ரெண்டு சர்க்காருக்க கீழயும் எடுத்தாச்சு. பாத்துக்கிடுங்க."

சத்தியதாஸ் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் வேதமாணிக்கத்திடம் நீட்டினார். வேதமாணிக்கம் வாசித்தார். பதினெட்டு புள்ளி நாலில் அவருடைய விரல் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கரண்டி அவர் கைக்கு வந்துவிடும். அவர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"அசனத்துக்கு இன்னும் ஏழு வாரம் உண்டு. ஆறு வாரம் களிஞ்சு முடிவு பண்ணுவோம்" என்றார். சத்தியதாஸும் தலையை ஆட்டிவிட்டார்.

ஆனந்தபாய் விடுவாளா? வெளியே அவர் செருப்பு மாட்டுகிற இடத்தில் போய்ப் பிடித்தாள்.

"அண்ணா, எனக்கு மார்க்கு கூடினதுல ஒமக்குப் பொறாமையா?"

வேதமாணிக்கம் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "ஒம்பது வருசமா இதத் தின்னுதேன். எனக்கும் தைராய்டாக்கும். எனக்க பெஞ்சாதியத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் கோணக் கோடு என்னன்னு தெரியுமா ஒனக்கு? 'இதுக்குக் கீழ நிக்கணும்'னு அர்த்தம். முப்பத்தஞ்சு பாஸு இல்ல பிள்ளே. முப்பத்தஞ்சுக்கு மேல போனா கொளப்பம். நீ சீக்குச் சீட்ட எடுத்து ஊரெல்லாம் காட்டிட்டுத் திரியுத."

"நீரு என்னைய வெலக்கிட்டுக் கரண்டியப் பிடிக்க நிக்கீரு."

"பிடிக்கத்தான் போறேன். ஒறங்குத பொம்பளைக்கிட்ட இருந்து பிடிச்சா எனக்கு என்ன பெருமை? முழிச்சிட்டு வா, பாப்போம்."

அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவர் சொன்னது பொய் என்று அவர் மூஞ்சியிலேயே எறிய ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரெஜிலாவையும் கூட்டிக்கொண்டாள், தோற்றால் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் அம்பிளி சின்ன உருவம், சத்தம் இல்லாத பேச்சு. ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்னே ஆனந்தபாயின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது கொரோனா ஆன்டிபாடி இல்ல கேட்டோ," என்றார். "அது வெளிய இருந்து வந்த கிருமியப் பிடிக்கும். இது வேற. ஒங்க தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பி உண்டு. ஒடம்புல எல்லா வேலையும் என்ன வேகத்துல நடக்கணுமோ அதுக்கு வேண்டிய சத்து உண்டாக்குறது அதுதான். ஒங்க ஒடம்பே அந்தச் சுரப்பிக்கிட்ட சண்டைக்குப் போகுதுன்னு இந்த ஆன்டிபாடி காட்டிக் கொடுக்குது."

"எனக்க ஒடம்பு எனக்க ஒடம்புக்கிட்டயா?"

"அதே."

ஆனந்தபாய்க்கு எந்தக் காரியமும் அடுக்களை வழியாகத்தான் விளங்கும். "பந்தியில வெளம்ப நிறுத்தின ஆளு அடுக்களைக்குள்ள கேறி அடுப்புல வெள்ளம் ஊத்துதான். அப்படித்தானே?"

"அப்படி வச்சுக்கலாம்."

"எதுக்கு ஊத்துதான்?"

"சரியான காரணம் தெரியாது. பெண்ணுங்களுக்குத்தான் கூடுதல். குடும்பத்துல உண்டுன்னா வரலாம்."

"அப்ப அந்தப் பதினெட்டு?"

"அதுதான் முக்கியம். அது சுரப்பியில இருந்து வரல்ல. தலைக்குள்ள இருந்து வருது. சுரப்பி வேலை கொறஞ்சா, உண்டாக்கு உண்டாக்குன்னு மேல இருந்து..."

"பந்தியில நிக்கவன் சோறு சோறுன்னு விளிக்கிய சத்தம்," என்று ஆனந்தபாய் இடையில் பாய்ந்தாள். "அடுக்களையில சோறு தாமசிச்சா விளி கூடும். சோறு வந்தா விளி அடங்கும். பதினெட்டுன்னா தொண்ட கிழிய விளிக்கியான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். "நான் அரை மணிக்கூர் எடுத்துச் சொல்லுறத நீங்க இவ்வளவுல முடிச்சிட்டீங்களே."

"பின்னே ஏன் டாக்டரே, அங்க ஆயிரமும் இஞ்ச அறுநூறும்?"

"ரெண்டு லேபுலயும் மெஷின் வேற, அளவு வேற."

"நாழியும் படியும் போல."

"அதே. நாழியில அளந்ததையும் படியில அளந்ததையும் வச்சுப் பந்தயம் கட்டப்படாது. வந்திருக்குன்னு ஒரு வாட்டி தெரிஞ்சாப் போதும், பின்னே அத எண்ணிட்டு இருக்க வேண்டாம். இனி பதினெட்ட மட்டும் பாத்தாப் போதும்." டாக்டர் சீட்டில் எழுதினார். "விடியக்காலம் வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ஒங்க அடுக்களையில வேகாத சோற வெளிய இருந்து கொண்டு வந்து வைக்குறதுதான் அது. தின்னு ஒரு மணிக்கூர் களிஞ்சு சாயா குடிக்கலாம்."

ஆனந்தபாய் அதுவரை கேட்டதில் ஒன்றுக்கும் பதறவில்லை. இதற்குப் பதறினாள். "ஒரு மணிக்கூரு சாயா இல்லாமலா?"

ரெஜிலா தன் தாளை மெல்ல முன்னால் தள்ளினாள். "டாக்டர், எனக்கு நூத்தி நாப்பத்திமூணு."

"ஒங்களுக்கும் அது உண்டு. ஆனா டி.எஸ்.எச். ரெண்டுதான். அடுக்களை நல்லா நடக்குது. இப்ப மாத்திரை ஒண்ணும் வேண்டாம். வருசத்துக்கு ஒருக்க டி.எஸ்.எச். மட்டும் பாருங்க. இன்னொரு பிள்ளை வேணும்னு நெனச்சா முன்னாடியே வந்து சொல்லணும்."

"மைனிக்கு மாத்திரை, எனக்கு இல்லையா?" என்று ரெஜிலா கேட்ட தொனியில் சந்தோசமா வருத்தமா என்று டாக்டருக்கே விளங்கவில்லை.

"மரச்சீனி தின்னலாமா?" என்று ஆனந்தபாய் வாசலில் நின்று கேட்டாள். தைராய்டு உள்ளவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தொடக்கூடாது என்று பஸ்ஸில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

"நல்லா வேகவச்சு, வெள்ளம் வடிச்சு, அளவாத் தின்னுங்க."

"அளவுன்னா நாழியா, படியா?"

டாக்டர் மணியடித்து அடுத்த ஆளை உள்ளே விளித்தார்.

பின்னே வந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் பெரிய கூத்து. விடிய எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, கொதிக்கிற சாயாப் பாத்திரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் கோழிக்கு ஏச்சு, நாய்க்கு ஏச்சு, தேவகுமாருக்கு ரெண்டு மடங்கு ஏச்சு. மூணாவது வாரம் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. நாலாவது வாரம் பிரசங்கம் முழுக்க முழித்திருந்தாள். பிரசங்கம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குரலில் அடைப்பு இளகியது. பனச்சமூட்டுச் சந்தையில் அவள் சிரித்த சிரிப்புக்கு மீன்காரி தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆறாவது வாரக் கடைசியில் ரத்தம் பார்க்கப் போனாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது டி.எஸ்.எச். மட்டும்தான். ஆனால் ஆனந்தபாய் ஆனந்தபாய்தானே? உள்ளே கேறி வெள்ளம் ஊற்றுகிறவன் போனானா இருக்கிறானா என்று அறியாமல் அவளால் எப்படி இருக்க முடியும்? "பழையதையும் சேத்துப் போடு மக்கா" என்று லேப் பெண்ணிடம் சொன்னாள்.

தேவகுமார் வாசித்தான். "ஆன்டிபாடி அறுநூத்தி அம்பத்தஞ்சு."

அவள் அப்படியே படியில் இருந்துவிட்டாள். ஆறு வாரம் சாயாவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்ததற்கு இதுவா கூலி? மறுநாள் கமிட்டி. ஆயிரத்து இருநூறு இலைக்கு முன்னே போய் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. "கரண்டிய வேதமாணிக்கம் அண்ணனுக்கே குடுத்துரலாம்" என்றாள். தேவகுமார் பைக்கை ஸ்டார்ட் பண்ணினான். பின்னால் ஏறு என்று தலையை ஆட்டினான்.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் அம்பிளி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே தாளைப் பார்த்தார்.

"நான் எழுதாத டெஸ்ட எதுக்கு எடுத்தீங்க?"

"அவன் போனானான்னு அறியணும்லா."

"அவன் போகமாட்டான். இன்னைக்கு அறுநூறுன்னு வரும், நாளைக்கு எழுநூறுன்னு வரும். அது ஏறினாலும் நான் மாத்திரைய மாத்தமாட்டேன், எறங்கினாலும் மாத்தமாட்டேன். மேல பாருங்க. டி.எஸ்.எச். எம்புட்டு?"

தேவகுமார் அதை வாசிக்கவே இல்லை. வாசிக்க அவள் விடவும் இல்லை. டாக்டரே வாசித்தார். "மூணு புள்ளி ஆறு."

"விளி அடங்கியாச்சா?"

"அடங்கியாச்சு. ஆனா மாத்திரைய நிறுத்தப்படாது. நிறுத்தினா மறுபடி விளிப்பான்."

"அப்ப நான் அசனத்துக்குச் சமைக்கலாம்."

"சமைக்கலாம். எனக்கும் ஒரு இலை போடணும்."

மறுநாள் கமிட்டியில் ஆனந்தபாய் ஒரே ஒரு தாளை வைத்து, டி.எஸ்.எச். வரியை மட்டும் விரலால் காட்டினாள். சத்தியதாஸ் கண்ணாடியைப் போட்டார். "போன தடவ அறுநூறு, ஆயிரம்னு கொண்டு வந்தியே. இது என்ன மூணு புள்ளி ஆறு? எறங்கிப்போச்சே."

"எறங்கணும் சாரே. எறங்கினாத்தான் பாஸு."

"அப்ப அந்த அறுநூறு?"

"அது கெடந்துட்டுப் போட்டு. அத எண்ண வேண்டாம்னு டாக்டர் பறஞ்சாச்சு."

சத்தியதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. வேதமாணிக்கத்தைப் பார்த்தார். வேதமாணிக்கம் தாளைத் தொடக்கூட இல்லை. ஆனந்தபாயின் முகத்தைப் பார்த்தார், வீக்கம் வடிந்து பழைய முகமாக இருந்தது. "அவளே செய்யட்டும்" என்றார். "நான் கூட நின்னு நோக்கிக்கிடுதேன்."

"நீரு நோக்கண்டாம் அண்ணா. உள்ளி உரிக்க ஆள் கொறவு, அதுக்கு வாரும்."

அசன நாளில் அவர் வந்தார். பார்த்துக்கொள்ளுங்கள், இருபது வருசம் கரண்டி பிடித்த மனுசன், பெண்டுகளோடு முக்காலியில் இருந்து ரெண்டு சாக்கு சின்ன உள்ளி உரித்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. உரித்துக்கொண்டே தனக்கும் தைராய்டு என்பதை ஒவ்வொருத்தியிடமாகச் சொல்லி முடித்தார். ஒம்பது வருசம் மூடி வைத்த ரகசியத்துக்கு யாரும் அசையவில்லை. எட்டுப் பெண்டுகளில் மூணு பேர் அதே மாத்திரையைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனந்தபாய் அடுப்புக்கும் வார்ப்புக்கும் இடையில் வேட்டியை மடித்துக் கட்டின நாலு ஆம்பிளைகளை ஓட ஓட விரட்டினாள். இந்தத் தடவை அடுப்பை விட்டு நாலடி தள்ளி நின்றே விரட்டினாள். சூடு தாங்கவில்லை என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். தனக்குச் சூடு எடுக்கிறது என்பதில் அவளுக்கு இருந்த சந்தோசத்தைப் பார்த்து ரெஜிலா தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் பந்தியில் டாக்டர் அம்பிளி வந்து இலைக்கு முன்னால் இருந்தார். ரெஜிலா பக்கத்திலேயே நின்று, "டாக்டர், எனக்கு அடுத்த வருசம் எந்த மாசம் பாக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே கறியை வெளம்பினாள்.

கடைசிப் பந்தியில் வெளம்பினவர்களும் சமைத்தவர்களும் இருந்தார்கள். ஆனந்தபாய் தானே கறிவாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வேதமாணிக்கத்தின் இலையில் ஊற்றினாள். அவர் ஒரு வாய் பிசைந்து தின்றார். கண்ணை மூடிச் சுவைத்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இஞ்சி ஒரு பிடி கூடிப்போச்சு."

"கூடட்டும். அடுத்த வருசமும் கூடும்."

அவர் இலையின் மறு ஓரத்தைக் காட்டினார். "இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊத்து. எலும்பு இல்லாம."